கொல்லைக் கதவோரம் ஒரு தட்டு

கேள்வி: நாங்கள் மன்னார்குடிப் பக்கம். வயல், சொந்த வீடு எல்லாம் உண்டு. ஒரே பையன், 10 வயது. பெண் குழந்தை ஆசையில், குழந்தைகள் நலக் குழு மூலமாக 7 வயதுப் பெண் ஒருத்தியை வளர்ப்புப் பராமரிப்பில் (தத்து இல்லை, வீட்டில் வைத்து வளர்ப்பது) எடுத்து எட்டு மாதம் ஆகிறது. 2 வயதில் குழந்தைகள் இல்லத்துக்குப் போனவள், நடுவில் ஒரு முறை இல்லம் மாறியவள். வந்த புதிதில் தங்கமாக இருந்தாள். தனித் தட்டு, டம்ளர் கொடுத்திருக்கிறோம். சாப்பிட்டதும் யாரும் சொல்லாமலே கழுவி, கொல்லைக் கதவோரம் கவிழ்த்துவிடுவாள். மூன்று மாதமாக ஆளே மாறிவிட்டாள். இட்லியைத் தலையணைக்கு அடியில் ஒளிக்கிறாள். பையனைக் கடிக்கிறாள். விழுந்து முட்டி பெயர்ந்தாலும் அழுவதில்லை. கடைத்தெருவில் முன்பின் தெரியாதவர் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். நாற்று பிடுங்கி நட்டால்கூட பத்து நாளில் பச்சை பிடிக்கிறது, இவள் ஏன் இன்னும் ஒட்டவில்லை? வேறு வீட்டுக்கு மாற்றச் சொல்லலாமா என்கிறார் என் கணவர்.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் பையன் சாப்பிட்ட தட்டை யார் கழுவுகிறார்கள், அம்மா?

இட்லி, கடி, கடைத்தெரு எல்லாவற்றையும் குறையாக எழுதியிருக்கிறீர்கள். தட்டைப் பற்றி மட்டும் மெச்சி எழுதியிருக்கிறீர்கள். நான் அந்த வரியைத் தாண்டவில்லை. பையனுடைய தட்டு எங்கே கவிழ்கிறது என்று நீங்கள் சொல்லவில்லை. கொல்லைக் கதவோரம் இல்லை என்பது எனக்குத் தெரியும். அந்த இடத்தை இவளாகவா கண்டுபிடித்தாள்? யாரோ ஒருவர் முதல் நாள் கைகாட்டியிருக்கிறீர்கள். 'என்ன ஜாதியோ, யார் பெற்றதோ' என்று வீட்டில் ஒரு பெரியவர், அநேகமாக உங்கள் மாமியார், முணுமுணுத்திருப்பார். அவர் மனம் கோணக் கூடாதென்று நீங்களும் இரண்டு பாத்திரத்தை ஒதுக்கிக் கொடுத்திருப்பீர்கள்.

நடவுக்கு வந்தவர்களுக்குக் கொல்லைப்புறத்தில் கொட்டாங்கச்சியில் ஊற்றிக் கொடுத்த ஊர்கள் நம் ஊர்கள். தனிப் பாத்திரத்துக்கு என்ன அர்த்தம் என்று டெல்டாக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். சுத்தத்துக்காகத்தான் என்று தயவுசெய்து பதில் எழுதாதீர்கள். சுத்தத்துக்கு என்றால் வீட்டில் ஐந்து பேருக்கும் தனித் தட்டு இருக்கட்டும், ஐந்தும் ஒரே அலமாரியில் இருக்கட்டும். மாமியாரிடம் இதைச் சொல்ல வேண்டியது நீங்கள் இல்லை, உங்கள் கணவர். அவருடைய அம்மா அவர்.

ஜாதி என்றால் என்னவென்று அந்தக் குழந்தைக்குத் தெரியாது. ஆனால் தன் தட்டு மட்டும் வேறு இடத்தில் இருக்கிறது என்பது தெரியும். இல்லத்தில் அவரவர் தட்டை அவரவர் கழுவி வைப்பது பழக்கம். இங்கேயும் அதையே செய்தாள், நீங்கள் அதைக் குணம் என்று எடுத்துக்கொண்டீர்கள். முதல் ஐந்து மாதம் தங்கமாக இருந்தாளே, அது பயம். புது இடத்தில் தொந்தரவு கொடுக்காமல் இருந்தால் நிறுத்திவைப்பார்கள் என்று குழந்தைகள் கணக்குப் போடும். அப்புறம்தான் சோதித்துப் பார்க்கும்: நான் கடித்தாலும் இவர்கள் என்னை வைத்துக்கொள்வார்களா? உங்கள் கணவர் இப்போது அதற்குத்தான் பதில் சொல்லப் பார்க்கிறார்.

நாற்று என்றீர்கள். விவசாயக் குடும்பம், உங்களுக்குத் தெரியாததா? நாற்றை ஒரு தரம்தான் பறிப்போம். இவளை வீட்டிலிருந்து ஒரு தரம், இல்லத்திலிருந்து இல்லத்துக்கு ஒரு தரம், அங்கிருந்து உங்களிடம் ஒரு தரம் என்று மூன்று தரம் பறித்து நட்டாயிற்று. நான்காவதுக்குத்தான் யோசனை கேட்கிறீர்கள்.

ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளை 2000-களின் தொடக்கத்திலிருந்து பல வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களில் பாதிப் பேர் வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போனார்கள். இரண்டு வயதுக்குள் போனவர்கள் வளர்த்தவர்களிடம் நன்றாக ஒட்டிக்கொண்டார்கள். உங்கள் பெண் அதே வயதில்தான் வீட்டிலிருந்து இல்லத்துக்குப் போயிருக்கிறாள். இன்னொன்றையும் பார்த்தார்கள். 12 வயதில், முதலில் போன குடும்பத்திலேயே நிலைத்திருந்த பிள்ளைகளிடம் முரட்டுத்தனம் குறைவாக இருந்தது. வீடு மாறிய பிள்ளைகளுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. இதை உங்கள் கணவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

சரி, இட்லிக்கு வருவோம். அதைத் திருட்டு என்று நினைக்காதீர்கள். நாளைக்கும் சோறு உண்டு என்ற நம்பிக்கை அவளுக்கு இன்னும் வரவில்லை, அவ்வளவுதான். எல்லார் முன்னாலும் தலையணையை உதறாதீர்கள், பலகாரத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டாதீர்கள். அவள் கைக்கு எட்டும் இடத்தில் மூடி போட்ட டப்பா ஒன்றில் முறுக்கோ பொட்டுக்கடலையோ வையுங்கள். எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், கேட்க வேண்டாம் என்று சொல்லுங்கள். காலியானால் பேசாமல் நிரப்புங்கள். முதலில் ஒரே நாளில் காலியாகும், அதற்கும் முகம் சுளிக்கக் கூடாது.

முட்டி பெயர்ந்தும் அழாததைத் தைரியம் என்று நினைக்காதீர்கள். அழுதால் யாராவது ஓடி வருவார்கள் என்ற அனுபவம் அவளுக்கு இல்லை. அவள் அழாவிட்டாலும் நீங்கள் ஓடிப் போங்கள். புண்ணைக் கழுவுங்கள், ஊதிவிடுங்கள், மடியில் உட்காரவையுங்கள். பையனுக்கு எதையெல்லாம் யோசிக்காமல் செய்தீர்களோ அதை இவளுக்கு யோசித்துச் செய்ய வேண்டும்.

நீங்கள் எழுதியதில் உண்மையிலேயே ஆபத்தானது கடைத்தெரு விஷயம்தான். நிறையப் பேர் கை மாறி வளர்ந்த குழந்தைக்கு எல்லாக் கையும் ஒரே கையாகத்தான் இருக்கும். வெளியே போனால் அவள் கை உங்கள் கையில் இருக்கட்டும். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, தூங்கவைப்பது எல்லாம் சில மாதம் நீங்களே செய்யுங்கள். பக்கத்து வீட்டார் பாசமாகத் தூக்க வந்தாலும் 'இப்போது வேண்டாம்' என்று சொல்லுங்கள். வருத்தப்பட்டால் படட்டும். கடித்தால் உடனே தடுத்து, பக்கத்தில் உட்காரவைத்து, நீங்களும் உட்காருங்கள். 'திருப்பி விட்டுவிடுவேன்' என்று அந்த வீட்டில் ஒருவர் வாயிலும் வரக் கூடாது. அரசு மாதாமாதம் கொடுக்கும் 4,000 ரூபாய்ப் பேச்சும் அவள் காதில் விழக் கூடாது. பையனும் மூன்று மாதமாகக் கடி வாங்கி, எட்டு மாதமாக அம்மாவையும் பங்கு போட்டுக்கொண்டிருக்கிறான். அவனுக்கென்று தினமும் அரை மணி ஒதுக்குங்கள்.

பெண் குழந்தை ஆசை என்று எழுதியிருக்கிறீர்களே, அதிலும் எனக்கு ஒப்புதல் இல்லை. வளர்ப்புப் பராமரிப்பைப் பற்றிச் சொல்லும் 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 44-வது பிரிவு உங்கள் ஆசைக்காக எழுதப்படவில்லை, வீடில்லாத குழந்தைக்காக எழுதப்பட்டது. குழுவிடம் மாற்றிக் கேட்க அதில் வழியும் இருக்கலாம். வா என்று கூப்பிட்ட குழந்தையைப் போ என்று சொல்ல நமக்கு உரிமை கிடையாது என்பதுதான் என் கட்சி.

திருவாரூர் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போய், மன ஆலோசனை சொல்லும் ஆற்றுப்படுத்துநரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். உங்களைச் சேர்த்துவைத்த அதே ஆட்கள்தான், பிரச்சினையைச் சொன்னால் கௌரவம் போய்விடாது. கணவரையும் கூட்டிப் போங்கள். ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது, ஆள் கிடைக்கவில்லை என்பார். அரை நாள் வயலை யாராவது பார்த்துக்கொள்வார்கள்.