மண்புழுப் பேராசிரியர் சுல்தான் அகமது இஸ்மாயில்: கேள்வி பதில்

சென்னை மண் உயிரியலாளர் சுல்தான் அகமது இஸ்மாயில் பற்றியும் அவருடைய முறைகள் பற்றியும் வந்த கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: அவர் விவசாயக் கல்லூரியில் படித்தவரா?

இல்லை, விலங்கியல்காரர். சென்னை நியூ காலேஜில் பேராசிரியராக இருந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டமும் அதற்கும் மேலான டி.எஸ்சி. பட்டமும் வாங்கியவர். வயலில் எவ்வளவு உரம் போடலாம் என்று கேட்காமல் அங்கே யார் குடியிருக்கிறார்கள் என்று கேட்டதற்கு இந்தப் படிப்புதான் காரணம் என்பேன்.

கேள்வி: எங்கள் ஊர் கும்பகோணம் பக்கம். உரக்குழிக்கு ஆப்பிரிக்கப் புழு வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா அண்ணா?

காசை வீணாக்காதீங்க. இஸ்மாயில் சார் விடாமல் சொல்லிவருவதே இதுதான்: உள்ளூர்ப் புழு போதும். நீங்க சொல்லும் ஆப்பிரிக்கப் புழுவான யூட்ரிலஸ் போன்ற வெளிநாட்டுப் புழு குப்பையைச் சீக்கிரம் தின்னும், ஆனால் மேலேயே இருந்துவிடும். நம்ம ஊர் மண்புழுவான லாம்பிட்டோ மாரிட்டி மேலே வந்து மக்கைத் தின்றுவிட்டு, துளை போட்டுக் கீழே இறங்கும். அந்தத் துளை வழியாகத்தான் மழைத்தண்ணியும் காற்றும் வேருக்குப் போகின்றன.

பிடிப்பதும் சுலபம். புழு எச்சம் குருணை குருணையாகக் கிடக்கும் ஈர இடமாகப் பாருங்க. அரை கிலோ வெல்லம், அரை கிலோ பச்சைச் சாணி இரண்டையும் 2 லிட்டர் தண்ணீரில் கரைத்து, ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் பரப்பில் தெளிங்க. வைக்கோல் பரப்பி, மேலே பழைய சாக்கு. 20 முதல் 30 நாள் ஈரம் காயாமல் பார்த்துக்கிட்டா புழு தானாக வந்து கூடும்.

கேள்வி: வெர்மிவாஷ் தயாரிப்பது எப்படி?

வெர்மிவாஷ் என்பது மண்புழு இருக்கும் மண் வழியாகத் தண்ணீரை வடியவிட்டுப் பிடிக்கும் நீர். இதற்கு அடியில் குழாய் வைத்த டிரம் வேணும். கீழே உடைத்த செங்கல் 25 செ.மீ., அதன் மேல் பருமணல் 25 செ.மீ., அதற்கும் மேல் மண் ஓர் அடிக்குக் குறையாமல். அதில் மேல்மட்டப் புழு 50, உள்ளே துளைக்கும் புழு 50 விட்டு, சாணியும் வைக்கோலும் போட்டு மூடுங்க. குழாயைத் திறந்தே வைத்து 15 நாள் ஈரப்படுத்துங்க. 16-ஆம் நாள் குழாயை மூடி, ஓட்டை போட்ட பானையைத் தொங்கவிட்டு இரவெல்லாம் தண்ணீர் சொட்டவிடணும். காலையில் பிடித்த நீர் ஒரு லிட்டருக்குக் கோமியம் ஒரு லிட்டர், தண்ணீர் 8 லிட்டர் கலந்து இலையில் தெளிக்கலாம்.

கேள்வி: புழுவை இரண்டாக வெட்டினால் இரண்டும் பிழைக்குமாமே?

பிழைக்காது தம்பி. தலைப்பக்கம் போதுமான நீளம் இருந்தால் அது மட்டும் தேறலாம்.

கேள்வி: களர் நிலத்தில் இதெல்லாம் எடுபடுமா?

உத்தரப் பிரதேசத்தில் லக்னோ பக்கம் களர் மண்ணிலேயே மண்புழு உரமும் வெர்மிவாஷும் போட்டுக் காய்கறி பயிரிட்டுப் பார்த்த ஆய்வில் அவரும் ஒருவர். மண் தேறியது. அதுக்காக ஒரே பட்டத்தில் விளைச்சலை எதிர்பார்க்காதீங்க. புழு வேலை செய்ய மக்கும் ஈரமும் வேணும். வெறும் களரில் புழுவை விட்டால் செத்துப்போகும்.

கேள்வி: நான் பள்ளி ஆசிரியை. அவர் கல்விப் பணியும் செய்தாரா சார்?

செய்தார் டீச்சர். எனக்கு அவரிடம் பிடித்ததே அதுதான். கையில் கிடைக்கும் பொருளை வைத்துச் செலவில்லாமல் அறிவியல் செய்துகாட்டுவார். 2021-இல் மாநிலத் திட்டக்குழு உறுப்பினரானார். 2022-இல் அமைத்த மாநிலக் கல்விக் கொள்கைக் குழுவிலும் இருந்தார்.

கேள்வி: கோழி எல்லாப் புழுவையும் கொத்தித் தின்னுதே!

தொட்டிமேல் கம்பி வலை போடுங்கம்மா. எறும்பு ஏறினால் சுற்றிலும் வாய்க்கால் மாதிரி தண்ணீர் கட்டுங்க.