காட்டும் சூடும் இருக்கும் சூடும்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அடுப்பைப் பற்றியவை. வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்களும், வீட்டிலேயே சமைத்து விற்பவர்களும் பெல்லட் கிரில் வாங்க ஆரம்பித்துவிட்டார்கள் போலிருக்கிறது. தெரியாதவர்களுக்கு: மரத்தூளை அழுத்திச் செய்த சிறு குச்சிகளை ஒரு திருகு கொஞ்சம் கொஞ்சமாகத் தீக்கிண்ணத்துக்குள் தள்ளும். ஒரு மின்விசிறி ஊதும். உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் உணர்கம்பி சூட்டைப் பார்த்து கன்ட்ரோலருக்குச் சொல்ல, அது குச்சியைக் கூட்டும், குறைக்கும். கரியடுப்புக்கு முன்னால் விசிறியோடு நிற்கிற வேலையை மிஷின் பார்க்கிறது, அவ்வளவுதான்.

கேள்வி: புது பெல்லட் கிரில் வாங்கி ஒரு வாரம் ஆகிறது. 107 டிகிரியில் வைத்தால் திரையிலும் 107 வருகிறது. ஆனால் மூடியில் இருக்கும் முள் மீட்டர் 90 என்கிறது. நான் தனியாக வாங்கிய தெர்மாமீட்டரை நடுவில் வைத்தால் 121 காட்டுகிறது. எது பொய் சொல்கிறது? திருப்பிக் கொடுக்க இன்னும் மூன்று நாள்தான் இருக்கிறது.
(வாசகர், கும்பகோணம்)

பதில்: மூன்றுமே உண்மையைச் சொல்லிக்கொண்டிருக்கலாம். மூன்றும் மூன்று இடத்துச் சூடு.

மூடி மீட்டரை மறந்துவிடுங்கள். அது மூடியின் உயரத்தில், வெளிக்காற்று படும் தகட்டை ஒட்டிய சூட்டைச் சொல்கிறது. இறைச்சி அங்கே வேகவில்லை. உங்கள் கிரில்லின் உணர்கம்பி பெரும்பாலும் பக்கச் சுவரில் இருக்கும். தீக்கிண்ணம் பல மாடல்களில் நடுவில், கம்பித்தட்டுக்குக் கீழே. நடுவில் 14 டிகிரி கூடுதலாகக் காட்டியதை வைத்து மட்டும் மிஷின் மேல் பழி போட முடியாது.

முதலில் சோதிக்க வேண்டியது உங்கள் தெர்மாமீட்டரை. ஒரு பெரிய டம்ளர் நிறைய நொறுக்கிய ஐஸ் போட்டு, இடுக்கு நிறையும் அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றிக் கலக்குங்கள். இரண்டு நிமிடம் கழித்து, முனை அடியிலும் ஓரத்திலும் படாமல் நடுவில் பிடியுங்கள். 0 வர வேண்டும். அப்புறம் தளதளவென்று கொதிக்கும் தண்ணீரில் வையுங்கள். நம் டெல்டா கடல் மட்டத்திலிருந்து அதிகம் உயராத தரை, ஆகவே 100-ஐ ஒட்டி வர வேண்டும். (கொடைக்கானலில் இதே சோதனையைச் செய்தால் 93 பக்கம்தான் வரும், அங்கே போய் தெர்மாமீட்டரைத் திட்டாதீர்கள்.) ஒரு டிகிரி முன்னே பின்னே இருந்தால் விடுங்கள். நாலு டிகிரி தப்பினால் திருப்பிக் கொடுக்க வேண்டியது தெர்மாமீட்டரைத்தான்.

அது தேறிவிட்டால் கிரில்லுக்கு வாருங்கள். புது மிஷினை முதலில் வெறுமையாக ஓட்டி, தொழிற்சாலை எண்ணெயை எரித்துவிடச் சொல்லி கையேட்டில் எழுதியிருப்பார்கள். அதைச் செய்த பிறகுதான் சோதனை. தெர்மாமீட்டரின் முனையை கம்பித்தட்டு மட்டத்தில், கிரில்லின் உணர்கம்பிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் வையுங்கள், இரும்பில் படக் கூடாது. பாதி உருளைக்கிழங்கில் குத்தி, முனை மட்டும் இரண்டு அங்குலம் வெளியே நீட்டும்படி வைத்தால் வேலை சுலபம். 107-இல் வைத்து, திரை அதைத் தொட்ட பிறகும் அரை மணி நேரம் சும்மா விடுங்கள். சுவரும் தகடும் சூடேற வேண்டாமா? பிறகு ஒரு மணி நேரம், ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை, திரையில் வருவதையும் தெர்மாமீட்டர் காட்டுவதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். மூடியைத் திறக்கக் கூடாது. ஒரு தடவை திறந்தால் அந்தக் கணக்கே போச்சு.

எண்கள் ஏறி இறங்கும். குச்சி விட்டு விட்டுத்தான் விழுகிறது, அதனால் எட்டு, பத்து டிகிரி மேலும் கீழும் ஆடுவது இந்த ஜாதி அடுப்பின் சுபாவம். சராசரியைப் பாருங்கள். ஒரே இடத்தில் வைத்த இரண்டு கம்பிகளின் சராசரி பதினைந்து டிகிரிக்கு மேல் விலகி நின்றால்தான் அது புகார். இதையே 177-இலும் ஒரு தடவை செய்யுங்கள். தாழ்ந்த சூட்டில் ஒழுங்காக இருந்துவிட்டு, மேலே போனதும் தடுமாறும் மிஷின்கள் உண்டு.

தட்டில் எந்த இடம் அதிகம் சுடும் என்று தெரிய தெர்மாமீட்டரே வேண்டாம். தட்டு முழுக்க வெள்ளை ரொட்டித் துண்டுகளைப் பரப்பி, பத்து நிமிடம் கழித்துப் புரட்டிப் பாருங்கள். கருத்த இடம் எது, வெளுத்த இடம் எது என்று படம் வரைந்த மாதிரி தெரியும்.

ஒரு விஷயம். ஆடிக் காற்றில் மொட்டைமாடியில் வைத்துச் சோதித்துவிட்டு எனக்கு எழுதாதீர்கள். காற்று ஒதுங்கிய, கூரைக்கு வெளியே உள்ள இடம் பாருங்கள். மூன்று நாள் தாராளம், இன்றைக்கே ஐஸ் வாங்குங்கள்.

கேள்வி: இதற்குத் துப்பாக்கி மாதிரி இருக்கும் லேசர் தெர்மாமீட்டர் போதாதா? தூரத்திலிருந்தே பார்த்துவிடலாமே.
(வாசகர், திருவாரூர்)

பதில்: போதாது. அது காற்றின் சூட்டைச் சொல்லாது, எதிரே இருக்கும் பரப்பின் சூட்டை மட்டும் சொல்லும். அதிலும் பளபளக்கும் எவர்சில்வர் மேல் பிடித்தால் உண்மையை விடக் குறைத்துத்தான் காட்டும். நானும் ஒன்று வாங்கினேன், விலை அதிகம். இப்போது பேரன் அதை வைத்துப் பூனையைச் சுடுகிறான். தோசைக்கல்லுக்கு வேண்டுமானால் உதவும்.

கேள்வி: 225-இல் வைத்துக் கோழி போட்டேன், வீடியோவில் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே கரியாகிவிட்டது. கிரில் சூட்டைத் தப்பாகக் காட்டுகிறதா?
(வாசகர், மன்னார்குடி)

பதில்: வீடியோக்காரர் சொன்னது பாரன்ஹீட். நீங்கள் வைத்தது செல்சியஸ். 225 பாரன்ஹீட் என்றால் 107 செல்சியஸ்.

கேள்வி: கிரில்லுக்கென்று விற்கும் பெல்லட் விலை கட்டுப்படியாகவில்லை. பாய்லருக்குப் போடும் பெல்லட், உமியில் செய்தது, மூட்டை கால் விலைக்குக் கிடைத்தது. ஆனால் இப்போது சூடு 150-க்கு மேல் ஏறவே மாட்டேன் என்கிறது, பாதியில் அணைந்தும் போகிறது. கம்பெனி ஏமாற்றிவிட்டது. வழக்குப் போடலாமா?
(வாசகர், நீடாமங்கலம்)

பதில்: யார் மேல் தம்பி? உமியை எரித்தால் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை சாம்பலாக நிற்கும் என்பது நெல் விளையும் ஊர்க்காரர் உங்களுக்கு நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? மரக் குச்சியில் அந்தச் சாம்பல் நூற்றுக்கு ஒன்று பக்கம்தான். உங்கள் தீக்கிண்ணம் இந்நேரம் சாம்பலால் நிரம்பி, காற்றுத் துளை அடைத்திருக்கும். சூடு எப்படி ஏறும்? இதை விட மோசம், பாய்லருக்குப் போகும் பெல்லட்டில் பிளைவுட் தூள், பசை, பெயின்ட் அடித்த பலகை எது வேண்டுமானாலும் கலந்திருக்கலாம். அந்தப் புகையில் வெந்ததை வீட்டில் யாருக்கும் கொடுக்காதீர்கள். மூட்டையைத் திருப்பிக் கொடுங்கள். கிண்ணத்தையும் உணர்கம்பியையும் துடைத்து, உணவுக்கென்று விற்கும் மரக் குச்சி போட்டு ஓட்டிப் பாருங்கள். அதற்கப்புறமும் ஏறாவிட்டால் எழுதுங்கள், அப்போது கேட்கிறேன்.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் மச்சான் கப்பலில் கிரில் அனுப்பினார். பிளக்கை மாற்றிச் சொருகியதும் தீய்ந்த வாடை, திரை இருண்டுவிட்டது. இங்கே உள்ள சர்வீஸ் சென்டர் வாரண்டி கிடையாது என்கிறது.
(வாசகர், பட்டுக்கோட்டை)

பதில்: அங்கே 120 வோல்ட், இங்கே 230. பின்பக்கத் தகட்டில் எழுதியிருக்கும். பிளக்கை மாற்றியவருக்கு அதைப் படிக்க நேரமில்லை. அந்த நாட்டில் விற்ற பொருளுக்கு வாரண்டியும் பொதுவாக அந்த நாட்டோடு சரி, சர்வீஸ் சென்டர் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. கன்ட்ரோலர் தனியாகக் கிடைக்கும். மாற்றும்போது விசிறியையும் பற்றவைக்கும் கம்பியையும் எலக்ட்ரீஷியனிடம் பார்க்கச் சொல்லுங்கள். இனிமேல் 230-ஐ 120 ஆக்கும் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் சொருக வேண்டாம்.

கேள்வி: வீட்டில் மீனும் கோழியும் சுட்டு ஆர்டரில் விற்கிறேன், நான் ஒருத்திதான் எல்லாம். கடையில் வாங்கிய கிரில் முதல் நாளிலிருந்தே திரையில் ஒன்று, உள்ளே ஒன்று. நீங்கள் முன்பு எழுதியபடி ஐஸ் வைத்துப் பார்த்த தெர்மாமீட்டரில்தான் அளந்தேன், 60 டிகிரி வித்தியாசம். இரண்டு ஆர்டர் கெட்டுப்போனது. கடைக்காரர் பில்லைத் திருப்பி, 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்ற வரியைக் காட்டுகிறார். 'வியாபாரத்துக்கு வாங்கியது, நுகர்வோர் கோர்ட்டுக்கும் போக முடியாது' என்று சிரிக்கிறார்.
(வாசகி, நாகப்பட்டினம்)

பதில்: அம்மா, அந்தச் சிரிப்பை அவர் சீக்கிரம் நிறுத்திக்கொள்வது அவருக்கு நல்லது.

அந்த ஒற்றை வரியைப் பார்த்தாலே எனக்கு ரத்தம் கொதிக்கும். துணிக்கடை, பாத்திரக்கடை, செல்போன் கடை என்று எங்கே போனாலும் பில்லின் அடியில் அதை அச்சடித்து வைத்திருக்கிறார்கள், ஏதோ சட்டசபையில் நிறைவேற்றியது போல. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இதற்கு நேர் எதிராகச் சொல்கிறது. குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர, பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், கடைக்காரர் மறுத்தால் அது நியாயமற்ற வணிக நடைமுறை. பிடிக்கவில்லை, நிறம் சரியில்லை என்று திருப்பிக் கொடுப்பது வேறு. பழுதான பொருள் வேறு. அந்த வரி இரண்டையும் ஒன்றாக்கி நம்மைப் பயமுறுத்தத்தான் இருக்கிறது. பில்லே தராமல் 'எஸ்டிமேட்' என்று ஒரு துண்டுச் சீட்டு நீட்டுகிறார்களே, அதுவும் அதே பட்டியலில்தான் வருகிறது. என் வீட்டு கிரைண்டர் அப்படி ஒரு சீட்டில் வந்ததுதான். மோட்டார் போனபோது கடைக்காரர் என்னையே முன்பின் பார்த்ததில்லை என்றார். பில் கொடுத்தாலும் இப்போது வரும் வழுவழுக் காகிதத்தில் எழுத்து சில மாதத்தில் வெளுத்துவிடும். வாங்கிய அன்றே போட்டோ எடுத்து வையுங்கள்.

இனி உங்கள் விஷயம். வியாபாரத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் இல்லை என்பது பாதி உண்மை. சுயதொழிலாகத் தன் பிழைப்புக்கு மட்டும் பயன்படுத்த வாங்கியவரை அதே சட்டம் நுகர்வோர் என்றே கணக்கில் எடுக்கிறது. ஒருத்தியாகச் சமைத்து விற்கும் நீங்கள் அதில் வருவீர்கள். ஐஸ் சோதனையையும், அதே தெர்மாமீட்டரை உணர்கம்பிக்குப் பக்கத்தில் வைத்து எடுத்த எண்களையும், வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். கெட்டுப்போன ஆர்டர்களின் விவரத்தையும் சேர்த்து, கடைக்கும் தயாரிப்பாளருக்கும் எழுத்தில், ஸ்பீட் போஸ்ட்டில் புகார் அனுப்புங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதியுங்கள். அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் வசிக்கும் ஊரிலேயே போடலாம், வக்கீல் கட்டாயமில்லை, பொருளின் விலை 5 லட்சம் வரை கட்டணமும் இல்லை, இரண்டு வருடம் அவகாசம். பழுதா இல்லையா என்று பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பிப் பார்க்கவும் ஆணையத்தால் முடியும். என்ன ஆனது என்று கட்டாயம் எழுதுங்கள்.

கேள்வி: விலை அதிகமான கிரில் என்றால் எண்களைச் சரியாகக் காட்டுமா?
(வாசகர், தஞ்சாவூர்)

பதில்: விலையைச் சரியாகக் காட்டும்.

கேள்வி: கிரில்லெல்லாம் இல்லை, சாதாரண ஓடிஜி ஓவன்தான். கேக் நடுவில் வேகவில்லை. தெர்மாமீட்டர் வாங்காமல் சோதிக்க வழி உண்டா?
(வாசகி, திருவையாறு)

பதில்: உண்டு. சர்க்கரை சுமார் 186 டிகிரியில் உருகும். ஒரு ஸ்பூன் சர்க்கரையை அலுமினியத் தாளில் வைத்து, நன்றாகச் சூடேறிய ஓவனில் 180-இல் கால் மணி நேரம் வையுங்கள். உருகக் கூடாது. புதுச் சர்க்கரையை 190-இல் வையுங்கள், உருக வேண்டும். 190-லும் மணல் மாதிரியே கிடந்தால் ஓவன் குறைவாகச் சுடுகிறது, திருகியை அதற்கேற்ப ஏற்றி வையுங்கள். ரொம்ப நேரம் விட்டால் குறைந்த சூட்டிலும் சர்க்கரை நிறம் மாறும், கால் மணியோடு எடுத்துவிடுங்கள்.

கேள்வி: ஐப்பசி, கார்த்திகை மழையில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. கிரில் ஓடும்போது போனால் ஆபத்தா?
(வாசகர், மயிலாடுதுறை)

பதில்: கொஞ்சம் ஆபத்துதான். ஒழுங்காக அணைக்கும்போது விசிறி ஓடிக்கொண்டே இருந்து, கிண்ணத்தில் மிச்சமுள்ள குச்சியை எரித்து முடிக்கும். திடீரென்று கரண்ட் போனால் தணல் அப்படியே கிடக்கும், திருகுக்குள் இருக்கும் குச்சிக்கும் பற்றிக்கொண்டு, குச்சி கொட்டி வைக்கும் பெட்டியான ஹாப்பர் பக்கம் புகை வரலாம். ஓடும்போது விசிறிக்கும் திருகுக்கும் அதிகக் கரண்ட் வேண்டாம், வீட்டு இன்வெர்ட்டர் தாங்கும். பற்றவைக்கும் நேரத்தில் மட்டும் சில நூறு வாட் இழுக்கும். அணைந்துவிட்டதை அப்படியே மறுபடி போடாதீர்கள். ஆறவிட்டு, கிண்ணத்தை வழித்துவிட்டுப் பற்றவையுங்கள். இன்னொன்று, மழைக்காலத்தில் ஹாப்பரில் குச்சியை விட்டு வைக்காதீர்கள். ஈரம் குடித்தால் ஊதி மரத்தூளாகித் திருகை அடைத்துவிடும். இறுக்க மூடும் டிரம்மில் வையுங்கள், போடுமுன் ஒன்றை ஒடித்துப் பாருங்கள். சடக்கென்று ஒடிய வேண்டும்.

கேள்வி: இவ்வளவும் பார்த்த பிறகு, கோழி வெந்ததா என்று எந்த எண்ணை வைத்துத் தெரிந்துகொள்வது?
(வாசகர், அதிராம்பட்டினம்)

பதில்: கிரில்லின் எண்ணை வைத்து அல்ல. ஐஸில் தேறிய அந்தத் தெர்மாமீட்டரை, தொடையின் தடித்த இடத்தில், எலும்பில் படாமல் குத்துங்கள். 74 வந்தால் எடுத்துவிடலாம். மீனுக்கு 63 போதும்.