சொந்த ஊர் மேட்ச் டிவியில் ஏன் வராது? கேள்வி பதில்

அமெரிக்காவில் 'பிளாக்அவுட்' என்று சொல்லிச் சில ஆட்டங்களை உள்ளூர்க்காரர்களுக்கு டிவியிலோ இணையத்திலோ காட்டாமல் நிறுத்திவிடுகிறார்கள். அது பற்றி வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

அண்ணா, நான் அயோவாவில் டெ மாயினில் இருக்கிறேன். இந்த மாநிலத்தில் ஒரு மேஜர் லீக் பேஸ்பால் டீம்கூட கிடையாது. லீக்கின் இணைய ஒளிபரப்பான எம்எல்பி டிவிக்குப் பணம் கட்டிவிட்டு சிகாகோ டீமான கப்ஸ் ஆட்டத்தைத் திறந்தால் உங்கள் பகுதியில் கிடைக்காது என்கிறது. சிகாகோவுக்குக் காரிலேயே ஐந்து மணி நேரம் ஆகும். அது எப்படி என் பகுதி?

லீக் போட்டு வைத்திருக்கும் வரைபடம் அப்படி. கப்ஸ் மட்டும் இல்லை தம்பி. வைட் சாக்ஸ், செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ், கேன்சஸ் சிட்டி ராயல்ஸ், மின்னசோட்டா ட்வின்ஸ், மில்வாக்கி ப்ரூவர்ஸ் என்று ஆறு டீமுக்கும் அயோவா 'உள்ளூர்'தான். ஆறும் ஒரே நாளில் வெவ்வேறு டீம்களோடு ஆடினால், இருக்கிற 30 டீமில் 12 டீமின் ஆட்டம் அன்றைக்கு உங்களுக்குக் கிடையாது. லாஸ் வேகாஸிலும் பல வருடம் இதே கதை, அங்கேயும் ஆறு டீம்.

காரணம் கேபிள் பணம். ஒவ்வொரு டீமும் தன் வட்டாரத்து ஒளிபரப்பு உரிமையை ஒரு வட்டார விளையாட்டுச் சானலுக்கு விற்றுவிடும். அந்தச் சானல் கேபிள் இணைப்பு உள்ள ஒவ்வொரு வீட்டிலிருந்தும் மாதாமாதம் காசு வாங்கும், அந்த வீட்டில் பேஸ்பால் பார்க்கிறார்களா இல்லையா என்பது அதற்குக் கவலை இல்லை. அதே ஆட்டம் இணையத்தில் தனியாகக் கிடைத்தால் யார் கேபிள் வைத்திருப்பார்கள்? அதனால் வட்டாரத்துக்குள் இணையத்தை அடைத்துவிடுகிறார்கள். கொடுமை என்னவென்றால், உங்கள் ஊர்க் கேபிள்காரர் அந்தச் சானலையே தராமல் இருக்கலாம். அப்போது எந்த வழியாகவும் பார்க்க முடியாது. எனக்கு இதில் துளியும் நியாயம் தெரியவில்லை.

மைதானத்தில் டிக்கெட் விற்க வேண்டும் என்றுதானே சார் இதெல்லாம்? அப்படித்தான் ஆபீஸில் சொன்னார்கள்.

அது அமெரிக்க ஃபுட்பால் கதை, அந்த ஆட்டத்தின் லீக்கான என்எஃப்எல். இரண்டையும் போட்டு எல்லோரும் குழப்பிக்கொள்கிறார்கள். சொந்த மைதானத்தில் ஆடும்போது சுற்றி 75 மைலுக்குள் டிவியில் காட்டக்கூடாது என்பது என்எஃப்எல்லின் பழைய விதி. 1953-இல் ஒரு நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. டிக்கெட் தீர்ந்துவிட்டால்கூட காட்ட மாட்டார்கள். 1958-இல் நியூயார்க் ஜயன்ட்ஸ் யாங்கி ஸ்டேடியத்தில் இறுதி ஆட்டம் ஆடியபோது நாடே பார்த்தது, நியூயார்க் பார்க்கவில்லை. அந்தக் காலத்து ஜயன்ட்ஸ் ரசிகர்கள் கனெக்டிகட்டுக்குக் காரில் போய், மோட்டலில் ரூம் போட்டு, ஹார்ட்ஃபோர்ட் சானலில் மேட்ச் பார்த்தார்கள்.

1972 டிசம்பரில் வாஷிங்டன் டீம் சொந்த மைதானத்தில் பிளேஆஃப் ஆடியது. வாஷிங்டனில் டிவியில் இல்லை. அங்கே வெள்ளை மாளிகையில் இருந்த அதிபர் நிக்ஸனோ பெரிய ஃபுட்பால் பைத்தியம். அட்டர்னி ஜெனரல் கிளைண்டின்ஸ்டை விட்டு லீக் கமிஷனர் பீட் ரோசெலிடம் கேட்டுப் பார்த்தார்கள், அவர் மசியவில்லை. அடுத்த ஆண்டே அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டம் போட்டது: 72 மணி நேரத்துக்கு முன்பே டிக்கெட் தீர்ந்துவிட்டால் உள்ளூரிலும் காட்டியாக வேண்டும். ஊருக்கே இல்லாத டிவி தங்களுக்கும் இல்லை என்றானதும் காங்கிரஸ்காரர்களுக்கு எவ்வளவு வேகம் பாருங்கள்! அந்தச் சட்டம் 1975 கடைசியில் காலாவதியானாலும், லீக் அதே விதியைத் தானாகவே வைத்துக்கொண்டது. 2014 செப்டம்பரில் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி இதற்கு முட்டுக்கொடுத்த தன் விதியை நீக்கியது. 2015-இலிருந்து லீக்கும் பிளாக்அவுட்டை நிறுத்தி வைத்திருக்கிறது. 2023-இல் தொடங்கிய டிவி ஒப்பந்தங்கள் மட்டும் 11 வருடத்துக்கு 10,000 கோடி டாலருக்கு மேல். இதில் காலியாகக் கிடக்கும் நாலு வரிசைக்காக யார் டிவியை அணைப்பார்கள்?

அந்த விதி இருந்தபோது டிக்கெட் விற்காமல் போனால் கடைசி நேரத்தில் என்ன செய்தார்கள்?

சில சமயம் யாராவது கடைக்காரர் மொத்தமாக வாங்கிவிட்டார். 2014 ஜனவரியில் கிரீன் பே, சின்சினாட்டி, இண்டியானாபொலிஸ் மூன்று ஊரிலும் பிளேஆஃப் டிக்கெட் தேங்கியது. லீக் கெடுவைத் தள்ளிவைத்தது, உள்ளூர் நிறுவனங்கள் மிச்சத்தை வாங்கின, மேட்ச் டிவியில் வந்தது.

வெள்ளிக்கிழமை ராத்திரி என்எஃப்எல் ஆட்டமே இருப்பதில்லையே, அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

நல்ல கேள்வி. இது பிளாக்அவுட்டின் இன்னொரு முகம். 1961-இல் கென்னடி கையெழுத்திட்ட விளையாட்டு ஒளிபரப்புச் சட்டம், எல்லா டீமின் டிவி உரிமையையும் லீக் ஒன்றாகச் சேர்த்து விற்கலாம் என்று அனுமதித்தது. பதிலுக்கு ஒரு நிபந்தனை: செப்டம்பர் இரண்டாம் வெள்ளியிலிருந்து டிசம்பர் இரண்டாம் சனி வரை, வெள்ளி மாலை 6 மணிக்கு மேலும் சனி முழுவதும், கல்லூரி ஆட்டங்களுக்கும், பிறகு சேர்த்த பள்ளி ஆட்டங்களுக்கும் போட்டியாகக் காட்டினால் அந்தச் சலுகை கிடையாது. அதனால்தான் 2024-இல் பிரேசிலில் நடந்த வெள்ளிக்கிழமை ஆட்டத்தை செப்டம்பர் 6-ஆம் தேதி வைத்தார்கள். இரண்டாம் வெள்ளி 13-ஆம் தேதி!

லண்டனில் இருக்கிறேன். இங்கே சனிக்கிழமை மூன்று மணி பிரீமியர் லீக் ஆட்டம் டிவியில் வராது. சென்னையில் என் தம்பி அதே மேட்ச்சை நேரலையில் பார்க்கிறான்!

பார்ப்பான். 1960-களில் பர்ன்லி கிளப் தலைவர் பாப் லார்ட் முன்னின்று கொண்டுவந்த ஏற்பாடு அது. பெரிய கிளப் ஆட்டம் டிவியில் ஓடினால் சின்ன கிளப் மைதானங்களுக்கு யார் வருவார்கள் என்பது வாதம். இப்போதும் சனி 2:45 முதல் 5:15 வரை பிரிட்டனில் நேரலை கிடையாது. தடை அந்த நாட்டுக்குள்தான், வெளிநாட்டுக்கு இல்லை. அமெரிக்கக் கேபிள் கதையைவிட இந்த வாதத்தில் எனக்குக் கொஞ்சம் இரக்கம் உண்டு. நாலாம் டிவிஷன் கிளப் ஒன்றுக்கு டிக்கெட் வசூல்தான் சோறு.

இருக்கும் ஊரை மறைக்கும் விபிஎன் போட்டு எம்எல்பி டிவி பார்க்கலாமா?

எம்எல்பி டிவி விதிப்படி கூடாது. கணக்கையே முடக்கினால் யாரிடமும் போய் நிற்க முடியாது. ரேடியோ வர்ணனைக்கு பிளாக்அவுட் கிடையாது, ஆப்பிலேயே கேட்கலாம். ஆட்டம் முடிந்து சுமார் ஒன்றரை மணி நேரம் கழித்து முழுப் பதிவும் திறக்கும். அதுவரை வாட்ஸ்அப் குரூப் பக்கம் போகாமல் இருப்பது உங்கள் சாமர்த்தியம்.

பேஸ்பாலில் இது எப்போதாவது மாறுமா?

மாறத் தொடங்கிவிட்டது, நல்லெண்ணத்தால் இல்லை, திவாலால். பல வட்டாரச் சானல்களை வைத்திருந்த டயமண்ட் ஸ்போர்ட்ஸ் 2023 மார்ச்சில் திவால் நீதிமன்றம் போனது. மே மாதக் கடைசியில் சான் டியேகோ பாட்ரெஸ் ஆட்டங்களை லீக்கே ஏற்று, உள்ளூர்க்காரர்களுக்கும் மாதம் 19.99 டாலருக்கு இணையத்தில் தந்தது. பிறகு வேறு சில டீம்களும் இந்த வழிக்கு வந்தன. உங்கள் டீமின் இணையதளத்தில் 'உள்ளூர்ச் சந்தா' இருக்கிறதா என்று சீசன் தொடங்கும் முன் பாருங்கள். எம்எல்பி டிவியின் தேசியப் பேக்கேஜை வாங்கிவிட்டு அப்புறம் தேடாதீர்கள்.

டாலஸில் புதிதாகக் குடிவந்திருக்கிறோம் சார். இங்கத்து என்எஃப்எல் டீமான கவ்பாய்ஸ் ஆட்டம் பார்க்க எதற்குப் பணம் கட்டணும்?

எதற்கும் வேண்டாம். கடையில் ஒரு சின்ன ஆன்டெனா வாங்கி ஜன்னல் பக்கம் வையுங்கள். ஞாயிறு ஆட்டம் ஃபாக்ஸ், சிபிஎஸ்ஸில் இலவசமாக வரும். இஎஸ்பிஎன், அமேசானில் வரும் ஆட்டங்களையும் அந்தந்த டீமின் ஊரில் ஒரு சாதாரணச் சானலில் காட்டுவார்கள்.