பர்தாவைக் கழற்றினால்தான் காதலா?

கேள்வி: நான் முஸ்லிம் இல்லை. என் நாவலின் நாயகி காயல்பட்டினத்துப் பெண், 23 வயது, சென்னையில் வேலை. உடன் வேலை பார்க்கும் ராவுத்தர் குடும்பத்துப் பையனை விரும்புகிறாள். அவனைச் சந்திக்கப் போகும்போது ரயில் நிலையத்தில் பர்தாவைக் கழற்றிப் பைக்குள் வைக்கிறாள். படித்துப் பார்த்த தோழி, "இது பழைய சினிமா" என்கிறாள். எப்படி மாற்றுவது?

பதில்: தோழி சொன்னது சரி. அந்தக் காட்சியில் மார்க்கம் ஒரு பக்கமும் காதல் மறுபக்கமும் என்று நீங்களே முடிவு செய்துவிடுகிறீர்கள். அப்புறம் அவளுக்கு யோசிக்க ஒன்றும் மிச்சமில்லை. பர்தாவைக் கழற்றும் பெண்கள் இல்லாமல் இல்லை. ஆனால் உங்கள் நாயகி தொழுகிறவள் என்றால், அவளுடைய போராட்டம் தொழுகைக்கு உள்ளேயேதான் நடக்கும். இவனோடு எதுவரை பேசலாம், தனியாகச் சந்திக்கலாமா, இவன் வீட்டில் வந்து பெண் கேட்பானா என்றுதான் அவள் மனம் ஓடும்.

மதரஸாவில் ஓதிய பெண்ணுக்குத் தன் பக்கத்து நியாயமும் தெரிந்திருக்கும். கதீஜா நாயகி தோழி நஃபீஸா மூலம் நபிகளிடம் கல்யாணப் பேச்சை எடுத்த வரலாறு அவளுக்குப் பாடம். விருப்பமில்லாமல் தகப்பனார் செய்துவைத்த கல்யாணத்தை நபிகள் ரத்து செய்த கன்ஸா என்ற பெண்ணின் ஹதீஸையும் (நபிமொழியையும்) வாப்பாவிடம், அதாவது அப்பாவிடம், சொல்வாள். வாப்பா விவரமானவர் என்றால், "கன்ஸா ஏற்கெனவே மணமானவங்க, நீ குமருப் பிள்ளை" என்பார். கன்னிப் பெண்ணின் மௌனம் சம்மதம் என்றும் ஹதீஸ் இருக்கிறது. அது தெரிந்தவள், பெண் பேச வந்தவர்கள் முன்னால் வாய் திறந்து "இல்லை" என்று சொன்னால், அந்த ஒரு சொல்லுக்கு எவ்வளவு கனம் பாருங்கள்.

நீங்கள் தெரியாமலே ஒரு நல்ல முடிச்சைப் போட்டிருக்கிறீர்கள். காயல்பட்டினம் பெரும்பாலும் ஷாஃபி மத்ஹப் (மார்க்கச் சட்டப் பிரிவு), ராவுத்தர்கள் ஹனஃபி. ஷாஃபியில் பெண்ணின் வலி, அதாவது வாப்பாவோ அவர் இடத்தில் இருப்பவரோ இல்லாமல் நிக்காஹ் செல்லாது. ஹனஃபியில் வயதுவந்த பெண் தானே சம்மதித்து மணக்க இடமுண்டு. "நாமே நிக்காஹ் முடிச்சிடலாம்" என்று அவன் சொன்னால் அவனுக்கு அது மார்க்கத்துக்கு உட்பட்டதுதான். அவளுக்கோ அது நிக்காஹே இல்லை. வில்லன் தேவைப்படாத மோதல் இது.

இன்னொன்று வீடு. காயல்பட்டினத்தில் கல்யாணத்துக்குப் பின் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். ராவுத்தர் வீட்டில் மருமகள் வருவாள் என்று அம்மா காத்திருப்பார். இப்படி ஒரு பேச்சு வரலாம்:

"அத்தா ஒத்துக்குவாங்க. அம்மாதான், மகனைத் தத்துக் குடுக்கணுமான்னு கேக்குறாங்க."

"எங்க வாப்பா முப்பது வருஷமா எங்க உம்மா வீட்டுலதான் இருக்காங்க. அவங்க தத்துப்பிள்ளையா?"

அவன் வீட்டில் அத்தா (அப்பா), அம்மா. அவள் வீட்டில் வாப்பா, உம்மா, ராத்தா (அக்கா), காக்கா (அண்ணன்). இதைக் குழப்பினால் ஊர்க்காரர்கள் முதல் பக்கத்திலேயே மூடி வைத்துவிடுவார்கள்.

மரியாதை என்று நினைத்து அவளை ஆசையே இல்லாதவளாக்கிவிடாதீர்கள். இளம்பெண்ணின் ஏக்கத்தை முழுதாக எழுதுங்கள். கட்டுப்பாடு இருக்கும் இடத்தில் சின்ன விஷயம்கூடச் சூடேறும். ரமலான் முடியும்வரை பேச வேண்டாம் என்று அவளே சொல்லியிருக்கிறாள். மூன்றாம் நோன்பு ஸஹர் நேரத்தில், விடியலுக்கு முன், "எழுந்தாச்சா?" என்று மட்டும் அவனிடமிருந்து வருகிறது. பதில் தட்டச்சு செய்கிறாள், அழிக்கிறாள், திரும்பத் தட்டுகிறாள். பக்கத்தில் அறைத்தோழி பேரீச்சம்பழத்தை நீட்ட, போனைக் கவிழ்த்து வைக்கிறாள். ஒரு பக்கம் முழுக்க எழுதலாம் இதை.

ரயில் நிலையக் காட்சியை நீக்க வேண்டாம். எழும்பூரில் செந்தூர் எக்ஸ்பிரஸ் ஏறும் நாளாக அதை மாற்றுங்கள். பர்தா அப்படியே இருக்கட்டும், வழியனுப்ப அறைத்தோழியும் கூட இருக்கட்டும். அவன் வந்து, எந்த வெள்ளிக்கிழமை அத்தாவை அழைத்துக்கொண்டு வரலாம் என்று கேட்கட்டும். ஊருக்குப் போய்ச் சேர்வதற்குள் உம்மாவிடம் எப்படி ஆரம்பிப்பது என்று அவள் யோசிக்க ஓர் இரவு முழுக்க இருக்கிறது. அடுத்த அத்தியாயத்தை அங்கிருந்து தொடங்குங்கள்.