ஒரு தூணை வரைவது

அன்புள்ள ஐயா,

ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கிறேன். வார விடுமுறையில் பஸ் பிடித்துப் பழைய கோயில்களுக்குப் போய் வரைவேன். முறையாகக் கற்றவள் இல்லை. சந்திரசூடேஸ்வரர் மலைக் கோபுரத்தை நான்கு முறை வரைந்துவிட்டேன், ஒவ்வொரு முறையும் ஒரு பக்கம் சாய்ந்தே வருகிறது. சென்ற மாதம் தருமபுரி கோட்டைக் கோயிலுக்கு வந்திருந்தேன். ஒரு மணி நேரம் உட்கார்ந்தும் மண்டபத்தில் கால்வாசி முடியவில்லை. கூட வந்த தம்பி, "போன்ல எடுத்துக்கிட்டு வீட்ல போய் வரையலாம்ல அக்கா" என்றான். அவன் சொல்வது நியாயம் போலத்தான் இருக்கிறது. நேரில் உட்கார்ந்து வரைவதில் கூடுதலாக என்ன இருக்கிறது?

ம., ஓசூர்

அன்புள்ள ம.,

முதலில் கோபுரம். அது சாய்வதற்குக் காரணம் உங்கள் கை அல்ல. நீங்கள் அடியில் தொடங்கி நிலை நிலையாக மேலே ஏறுகிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படி ஏறினால் முதல் நிலையில் நூலளவு பிசகுவது உச்சியில் விரலளவு ஆகிவிடும். முதலில் நடுக்கோட்டை மெல்லியதாகப் போட்டுக்கொள்ளுங்கள். கையை நீட்டி, பென்சிலால் வாசலின் அகலத்தை அளந்து, முழு உயரத்தில் அது எத்தனை தடவை அடங்குகிறது என்று பாருங்கள். மூலையில் நின்று வரைந்தால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கண் மட்டத்துக்கு மேலே உள்ள கோடுகள் தூரம் போகப் போகக் கீழே சரியும், கீழே உள்ளவை மேலே ஏறும். இதற்கு மேல் கோபுரத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. அதைச் சில மாதங்கள் விட்டுவிடுங்கள் என்பதுதான் என் யோசனை.

மண்டபத்தையும் விடுங்கள். ஒரே ஒரு தூணை வரையுங்கள்.

கோட்டைக் கோயில் மல்லிகார்ஜுனர் சன்னிதியில் தொங்கும் தூணைப் பார்த்திருப்பீர்கள். வருகிற எல்லோரும் அதன் அடியில் துணியையோ காகிதத்தையோ விட்டு எடுத்துப் பார்த்து வியக்கிறார்கள். வியப்பு அந்த இடைவெளியோடு முடிந்துவிடுகிறது, தூணின் உடம்பைப் பார்க்காமலே நகர்ந்துவிடுகிறார்கள் என்பது எனக்குப் பல வருட வருத்தம். அங்கே உள்ள நுளம்பர் காலத்துத் தூண்களின் முன் இரண்டு மணி நேரமாவது உட்கார வேண்டும். இன்றைய ஆந்திராவில் உள்ள ஹேமாவதியைத் தலைநகராகக் கொண்டிருந்த நுளம்பர்கள் 9, 10-ஆம் நூற்றாண்டுகளில் நம் தகடூரையும், அதாவது இன்றைய தருமபுரியையும், ஆண்டார்கள். அவர்களுடைய தூண்களைச் சோழர்கள் போரில் வென்று கொண்டுபோனார்கள். அவை இன்றும் திருவையாற்றில் நிற்கின்றன. ஒரு தூணை அத்தனை காததூரம் சுமந்து போகத் தோன்றியிருக்கிறது என்றால், அதைச் செய்தவன் கையை என்னவென்று சொல்வது!

வரையும்போது உறுப்புகளின் பெயரைச் சொல்லிக்கொண்டே வரையுங்கள். ஸ்தபதிகள் சொல்லும் வரிசை இது: சதுரம், கட்டு, மேலே போகப் போகக் கலசம், தாடி, குடம், இதழ், பலகை, அதன்மேல் போதிகை. பெயர் தெரிந்துவிட்டால் கண் ஒவ்வொன்றையும் தனியாகப் பிரித்து எடுக்கும். 'ஏதோ வளைவு' என்று தோன்றியது 'குடம் இங்கே முடிகிறது, இதழ் இங்கே விரிகிறது' என்று ஆகிவிடும்.

போதிகையில் மட்டும் கூடுதல் நேரம் செலவிடுங்கள். உத்திரத்தைத் தாங்க இரு பக்கமும் கை நீட்டுகிற உறுப்பு அது. பல்லவர் காலத்தில் அதில் அலை மடிப்புகள் இருக்கும். சோழர் காலத்தில் கோணமாக வெட்டி, நடுவில் ஒரு முனையை நீட்டியிருப்பார்கள். விஜயநகர காலத்துக்கு வரும்போது அந்த முனை வாழைப்பூப் போலத் தலைகீழாகத் தொங்குகிறது. புதுச்சேரியில் ஆசிரியராக இருந்த பிரெஞ்சுக்காரர் ழூவோ துப்ரேய் இந்தப் போதிகையையும், கபோதம் எனும் கூரை விளிம்பில் வளைவாக வரும் கூடு என்ற அலங்காரத்தையும் கோட்டோவியமாக வரைந்து, காலவரிசைப்படி அடுக்கி, 1914-இல் நூலாக்கினார். கல்வெட்டே இல்லாத கோயிலின் வயதையும் இந்த வடிவங்களை வைத்து ஊகிக்க முடியும் என்று காட்டினார்.

உங்கள் தம்பி கேட்டதற்கு வருகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் அரூர்ப் பக்கம் ஒரு சிறு சிவன் கோயிலில் தூண் வரைந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தபோது படம் நன்றாகவே இருந்தது. அடுத்த வாரம் அதே ஊருக்குப் போக நேர்ந்தது. தூணுக்கு முன் நோட்டைப் பிரித்ததும் திக்கென்றது. என் படத்தில் போதிகையில் வாழைப்பூ தொங்குகிறது. கல்லில் அது இல்லை! வெறும் கோண வெட்டு. அதற்கு முன் ஒரு மாதமாக விஜயநகரத் தூண்களையே வரைந்துகொண்டிருந்தேன். கண் பார்ப்பதற்கு முன்பே கை பழக்கத்தில் வரைந்து முடித்துவிட்டது. அன்று ரப்பரால் அழித்துவிட்டுத் திரும்ப வரைந்த அந்தப் போதிகையை இன்று கண்ணை மூடிக்கொண்டும் சொல்லுவேன். போனில் எடுத்திருந்தால் படம் சரியாக இருந்திருக்கும். ஆனால் நான் பார்க்கவில்லை என்பது எனக்குத் தெரியாமலே போயிருக்கும்.

கருவி வேண்டாம் என்று சொல்லவில்லை. நீங்கள் தருமபுரிக்கு வரும் வழியில் இருக்கும் ராயக்கோட்டை மலையை 1792-இல் ஆங்கில ஓவியர் தாமஸ் டேனியலும் அவர் சகோதரர் மகன் வில்லியமும் வரைந்தார்கள். காட்சியைக் காகிதத்தில் விழச் செய்யும் இருட்டறைப் பெட்டி அவர்களிடம் இருந்தது. பெட்டி நிழலை விழவைத்தாலும், எந்தக் கோடு வேண்டும், எது வேண்டாம் என்பதைக் கைதான் முடிவு செய்தது. நீங்களும் போனில் படம் எடுங்கள், ஆனால் வரைந்து முடித்த பிறகு எடுங்கள். வீட்டில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். படத்தைப் பார்த்து ஓவியத்தைத் திருத்த வேண்டாம். தப்பு எங்கே என்று மட்டும் ஓரத்தில் எழுதி, அடுத்த முறை கல்லின் முன் உட்கார்ந்து திருத்துங்கள். நாமக்கல்லில் பிறந்த ஓவியர் சில்பி ஆனந்த விகடனுக்காகக் கோயில் கோயிலாகப் போய், சிலையின் முன் அமர்ந்து வரைந்தவர். அந்தக் கோடுகளில் உள்ள பொறுமையை ஒருமுறை உற்றுப் பாருங்கள்.

மறுபடி கோட்டைக் கோயிலுக்கு வரும்போது காமாட்சி சன்னிதியின் அதிட்டானத்தை, அதாவது சுவருக்குக் கீழே உள்ள அடித்தளத்தை, தவறவிடாதீர்கள். ராமாயணக் காட்சிகள் சின்னச் சின்னச் சிற்பங்களாக அதைச் சுற்றி ஓடுகின்றன. நின்றபடி பார்த்தால் ஒன்றும் தெரியாது, தரையில் உட்கார வேண்டும். அர்ச்சகரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, நடைபாதையை அடைக்காமல் உட்காருங்கள்.

அதற்கும் முன், ஓசூரிலிருந்து இன்னும் பக்கமாக, காவேரிப்பட்டணத்தை ஒட்டிய பெண்ணேஸ்வரமடம் இருக்கிறது. கோயிலில் நடுகற்கள் நிற்கின்றன. ஆழமில்லாத புடைப்புச் சிற்பங்கள் ஆதலால் உச்சி வெயிலில் உருவம் கல்லோடு கல்லாகிவிடும். வெயில் சாய்வாக விழும் காலை வேளையில் வீரனின் வாள் விளிம்பில் மெல்லிய நிழல் விழும். முதல் பஸ்ஸில் கிளம்புங்கள்.