பிக்காசோவின் பென்சிலில் ஒரு குழந்தை: கேள்வி பதில்

கேள்வி: உருவங்களை உடைத்துக் கோண வடிவங்களாகக் காட்டும் கியூபிசத்தைத் தொடங்கிவைத்த ஓவியர் பிக்காசோவா தன் மகன் பாலோவை இவ்வளவு இயல்பாக வரைந்தார்?

பதில்: ஆம். மகன் பிறப்பதற்கு முன்பே அவர் கை அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. 1915இல் கவிஞர் மாக்ஸ் ஜேக்கப்பையும் ஓவிய வணிகர் வொல்லாரையும் பென்சிலில் அச்சு அசலாக வரைந்தார். கியூபிசத்தையும் விடவில்லை. பாலோ பிறந்தது 1921 பிப்ரவரியில். தாயும் சேயுமாக அவர் வரைந்துதள்ளிய அந்த ஆண்டின் கோடையில்தான் 'மூன்று இசைக்கலைஞர்கள்' என்ற கியூபிச ஓவியமும் பிறந்தது. ஒரே கை, ஒரே ஆண்டு! எனக்கு இன்றும் வியப்புத் தீரவில்லை.

கேள்வி: பென்சில் படங்களில் முகத்தை மட்டும் முடித்து, உடையைக் கோடுகளாக விடுவதைப் பிக்காசோ யாரிடம் கற்றார்?

பதில்: பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிரெஞ்சு ஓவியர் ஆங்க்ரிடம். ரோமில் அவர் வரைந்த பென்சில் உருவப்படங்களில் முகம் நுணுக்கமாக இருக்கும். சட்டை நாலு கோட்டில் முடிந்துவிடும்.

கேள்வி: என் மகளுக்கு மூன்று வயது. நான் வரைந்தால் முப்பது வயதுப் பெண்ணாகத் தெரிகிறாள். எங்கே தவறு?

பதில்: அநேகமாக இரண்டு இடங்களில். முதலாவது அளவு. பெரியவர்களுக்குக் கண்கள் தலையின் நடுவில் இருக்கும். குழந்தைக்கு அதற்கும் கீழே. நெற்றிதான் பாதி முகம். கண், மூக்கு, வாய் மூன்றும் கீழ்ப்பாதியில் நெருங்கி உட்கார்ந்திருக்கும். இரண்டாவது, அதிகமான கோடுகள். மூக்கின் ஓரத்திலிருந்து வாய் வரை ஒரு கோடு இழுத்துப் பாருங்கள்: அந்த நொடியே வயது கூடிவிடும். மூக்குத் தண்டை வரையவே வேண்டாம். நாசித் துளைகளின் மெல்லிய நிழல் போதும். கன்னத்தை வெளிக்கோடு ஒன்றே காட்டிவிடும், உள்ளே வெறும் தாள் இருக்கட்டும். அழுத்தத்தைக் கண்ணின் மேலிமைக்கும் இரு உதடுகளும் சேரும் கோட்டுக்கும் சேர்த்து வையுங்கள். இப்படிக் கையைக் கட்டிக்கொள்வதுதான் இதில் கடினம்.

கேள்வி: பென்சில் ஓவியம் மங்கிவிடுமா?

பதில்: கிராஃபைட் என்பது கரிமம், வெளிச்சத்தில் வெளுக்காது. பழுப்பேறுவது மலிவான தாள்தான். விரல் பட்டால் ஈஷிக்கொள்ளும், அதனால் கண்ணாடிச் சட்டம் நல்லது. ஆனால் கண்ணாடி தாளைத் தொடக் கூடாது.

கேள்வி: குழந்தை அசையாமல் உட்கார்ந்தால்தானே வரைவது?

பதில்: உட்காராது. ஒரே தாளில் நாலைந்து படங்களைத் தொடங்குங்கள். தலை திரும்பினால் அடுத்ததற்குப் போங்கள். பழைய நிலைக்கு வரும்போது விட்ட கோட்டைப் பிடித்துக்கொள்ளலாம். தூங்கும்போது காதை வரைந்து பழகுங்கள், அவ்வளவு நேரம் வேறெப்போதும் கிடைக்காது.