ஃபெடரலிஸ்ட் சொசைட்டியில் மகள் சேரலாமா?

கேள்வி: நாங்கள் நியூஜெர்சியில் இருக்கிறோம். மகள் லா ஸ்கூலில் முதல் வருடம். ஃபெடரல் நீதிபதி ஆக வேண்டும் என்பது அவள் ஆசை. ஃபெடரலிஸ்ட் சொசைட்டி என்ற கன்சர்வேடிவ் (வலதுசாரி) சட்ட அமைப்பின் மாணவர் கிளையில் சேரப் போகிறேன் என்கிறாள். அதில் சேர்ந்தால்தான் நீதிபதி ஆகலாம் என்று ஒரு நண்பர் சொல்கிறார். சேர்ந்தால் முத்திரை குத்திவிடுவார்கள், பெரிய நிறுவனங்களில் வேலை கிடைக்காது என்கிறார் இன்னொருவர். நான் என்ன சொல்லட்டும்?

பதில்: வணக்கம் சார். உங்கள் நண்பர்கள் இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதிதான் உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது.

நம் ஊரில் சிவில் நீதிபதி பதவிக்கு டிஎன்பிஎஸ்சி தேர்வு இருக்கிறது. அமெரிக்காவில் ஃபெடரல், அதாவது மத்திய நீதிமன்ற நீதிபதி பதவிக்கு அப்படி எதுவும் கிடையாது. அதிபர் பெயரை முன்மொழிவார், செனட் பெரும்பான்மை வாக்கில் ஏற்கும், அவ்வளவுதான். பதவி ஆயுள் முழுக்க. உச்ச நீதிமன்றத்தின் 9 இடங்களையும் சேர்த்து நாடு முழுவதும் சுமார் 870 இடங்கள்தான். ஆகவே அதிபரின் காதில் யார் பெயரைப் போடுகிறார்கள் என்பதுதான் விஷயமே.

அந்தக் காதுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்ததுதான் ஃபெடரலிஸ்ட் சொசைட்டியின் சாமர்த்தியம். 1982-ல் யேல், சிகாகோ பல்கலைக்கழகங்களில் மாணவர்கள் சிலர் தொடங்கியது இது. லா ஸ்கூல்களில் லிபரல் (இடதுசாரி) குரல் மட்டுமே கேட்கிறது என்பது அவர்கள் குறை. சிகாகோவில் அவர்களுக்கு வழிகாட்டிய பேராசிரியர் அன்டனின் ஸ்காலியா, யேலில் ராபர்ட் போர்க். ஸ்காலியா 1986-ல் உச்ச நீதிமன்றம் போனார். அடுத்த ஆண்டு அதே நீதிமன்றத்துக்கு முன்மொழியப்பட்ட போர்க்கை செனட் 58-க்கு 42 என்று நிராகரித்தது. அந்தக் காயம் கன்சர்வேடிவ் வட்டாரத்தில் இன்னும் ஆறவில்லை.

அடுத்து நடந்ததுதான் உங்கள் மகள் கவனிக்க வேண்டியது. 1990-ல் அப்பா புஷ், டேவிட் சூட்டர் என்பவரை உச்ச நீதிமன்றத்துக்கு நியமித்தார். அவருடைய கருத்துகள் வெளியில் அதிகம் தெரியாது. போகப் போக அவர் லிபரல் நீதிபதிகளோடு சேர்ந்து தீர்ப்புச் சொல்ல ஆரம்பித்தார். ‘இனி ஒரு சூட்டர் வேண்டாம்’ என்பது அன்று முதல் கன்சர்வேடிவ்களின் கோஷம். 2005-ல் மகன் புஷ் தன் சொந்த வழக்கறிஞர் ஹாரியட் மையர்ஸை முன்மொழிந்தபோது எதிர்க்கட்சியைவிடச் சொந்த அணிதான் அதிகம் கொதித்தது. இவர் என்ன நினைக்கிறார் என்பதற்கு எழுத்து, பேச்சு, தீர்ப்பு என்று ஏதாவது ஆதாரம் உண்டா என்று கேட்டார்கள். மூன்றே வாரத்தில் மையர்ஸ் விலகினார். அந்த இடத்துக்கு சாமுவேல் அலிட்டோ வந்தார். அவர் கன்சர்வேடிவ் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

2016 தேர்தல் சமயத்தில் டிரம்ப் ஒரு படி மேலே போய், உச்ச நீதிமன்றத்துக்கு யாரை நியமிப்பேன் என்று பெயர்ப் பட்டியலையே வெளியிட்டார். பட்டியலுக்குப் பின்னால் முக்கியமாக இருந்தவர் சொசைட்டியின் மூத்த நிர்வாகி லியோனார்ட் லியோ. டிரம்ப் பிறகு உச்ச நீதிமன்றத்துக்கு நியமித்த கோர்சச், கேவனா, பாரெட் மூவரும் அந்தப் பட்டியலிலும் பிறகு அதில் சேர்க்கப்பட்டவர்களிலும் இருந்து வந்தவர்களே. முதல் நான்கு வருடத்தில் டிரம்ப் 54 மேல்முறையீட்டு நீதிபதிகளை நியமித்தார். பலர் சொசைட்டியோடு தொடர்புள்ளவர்கள். அதிகாரபூர்வமாகக் கேட்டால், நாங்கள் விவாதம் நடத்துகிறோம், யாரையும் பரிந்துரைப்பதில்லை என்பார்கள். அது பொய் இல்லை. பரிந்துரை அமைப்பின் பெயரில் வராது, அதில் பழகியவர்கள் வழியாக வரும். நியமனங்களுக்கு ஆதரவான விளம்பரத்துக்குப் பணமும் வேறு அமைப்புகளிலிருந்து வரும். 2021-ல் ஒரு தொழிலதிபர், லியோ நடத்தும் அறக்கட்டளைக்கு 160 கோடி டாலர் மதிப்புள்ள சொத்தைக் கொடுத்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, இதில் உங்கள் மகள் எங்கே வருகிறார்?

மாணவர் கிளையில் சேர்வது மட்டும் ஒன்றும் செய்யாது. சந்தா சில டாலர், மதியம் சாப்பாட்டோடு ஒரு விவாதம், பெரும்பாலும் இரண்டு தரப்பையும் மேடையேற்றுவார்கள். சூட்டர் அனுபவத்துக்குப் பிறகு இந்த வட்டாரம் உருவாக்கிக்கொண்ட ஏற்பாடு முழுக்கவே, யார் உண்மையாக நம்புகிறார்கள், யார் பதவிக்காகத் தலையாட்டுகிறார்கள் என்று பிரித்துப் பார்ப்பதற்காகத்தான். பதினைந்து, இருபது வருடம் ஒருவர் என்ன எழுதினார், எந்த வழக்கில் நின்றார் என்று பார்ப்பார்கள். ஆகவே இந்தக் கன்சர்வேடிவ் சட்டப் பார்வையில் உங்கள் மகளுக்கு உண்மையான பிடிப்பு இருந்தால் தாராளமாகச் சேரட்டும். பதவிக்காக மட்டும் என்றால் வேண்டாம். நேரம்தான் வீண். கூட்டங்களுக்குப் போய்க் கேட்க உறுப்பினராக இருக்க வேண்டியதும் இல்லை. எதிர்த்தரப்பில் 2001-ல் தொடங்கிய அமெரிக்கன் கான்ஸ்டிட்யூஷன் சொசைட்டி இருக்கிறது. அதையும் எட்டிப் பார்க்கட்டும்.

வேலை கிடைக்காது என்ற பயத்தை விட்டுவிடுங்கள். உச்ச நீதிமன்றத்தில் கிளார்க்காக இருந்தவர்களுக்கு, எந்த அணி நீதிபதியிடம் இருந்திருந்தாலும், பெரிய நிறுவனங்கள் சேரும்போதே லட்சக்கணக்கான டாலர் போனஸ் கொடுக்கின்றன.

நம் பிள்ளைகள் கோட்டை விடுவது இந்த கிளார்க்ஷிப்பில்தான். பெயரைக் கேட்டு குமாஸ்தா வேலை என்று நினைத்துவிடாதீர்கள். நீதிபதியின் அறையிலேயே ஒரு வருடம் இருந்து ஆராய்ச்சி செய்து, தீர்ப்பின் வரைவை எழுதித் தரும் வேலை. உச்ச நீதிமன்றத்தில் ஒரு நீதிபதிக்கு நான்கு பேர். அங்கே போகிறவர்கள் முதலில் மேல்முறையீட்டு நீதிபதி ஒருவரிடம் இருந்திருப்பார்கள். விண்ணப்பத்துக்கு ஆஸ்கர் என்ற பொது இணையதளமும் கால அட்டவணையும் இருக்கின்றன. ஆனால் அட்டவணைக்கு முன்பே, பேராசிரியர் ஒருவரின் போன் பேச்சை வைத்து ஆள் எடுத்துவிடும் நீதிபதிகளும் உண்டு. எந்த நீதிபதி எப்போது எடுக்கிறார் என்ற தகவல் மூத்த மாணவர்களிடம்தான் இருக்கும். சொசைட்டியால் மாணவர்களுக்குக் கிடைக்கும் நிஜமான லாபம் இதுதான் என்பேன். அதே தகவல் கல்லூரியின் கிளார்க்ஷிப் அலுவலகத்திலும் ஓரளவு கிடைக்கும். கேட்டால் தருவார்கள். நம் பிள்ளைகள் கேட்பதில்லை.

சம்பளத்தையும் சொல்லிவிடுகிறேன். பெரிய நிறுவனத்தில் முதல் வருடம் 2,25,000 டாலர் என்றால் கிளார்க்குக்கு அதில் பாதிகூட வராது. கல்விக்கடன் இருந்தால் அந்த ஒரு வருடத்தை இப்போதே கணக்கில் வையுங்கள்.

மூன்று பேரைப் பற்றி அவர் படிக்கட்டும். அமுல் தாப்பர் அரசு வழக்கறிஞராக இருந்தவர். கென்டக்கியில் மாவட்ட நீதிபதியாகி ஒன்பது வருடத்துக்கு மேல் தீர்ப்பு எழுதிய பிறகே 2017-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் போனார். கன்சர்வேடிவ் வழி அது. அதே வழியில் வந்த நியோமி ராவை 2019-ல் செனட் விசாரித்தபோது, அவர் கல்லூரி நாட்களில் பாலியல் வன்முறை பற்றி எழுதிய கட்டுரைகளைத் தோண்டி எடுத்தார்கள். அவற்றில் சிலவற்றுக்காக அவர் வருத்தம் தெரிவிக்க வேண்டியிருந்தது. மகள் இன்று எதை எழுதினாலும் இருபது வருடம் கழித்து யாரோ படிப்பார்கள் என்று சொல்லி வையுங்கள். மூன்றாமவர் ஸ்ரீ சீனிவாசன். அப்பாவின் ஊர் திருநெல்வேலிக்குப் பக்கத்து மேலத்திருவேங்கடநாதபுரம். ரீகன் நியமித்த இரண்டு நீதிபதிகளிடம் கிளார்க்காக இருந்தவர், மகன் புஷ் ஆட்சியிலும் ஒபாமா ஆட்சியிலும் அரசு வழக்கறிஞராக வேலை பார்த்தவர். 2013-ல் ஒபாமா முன்மொழிந்தபோது 97-க்கு 0 என்று செனட் ஏற்றது. இப்படி ஒரு வாக்கெடுப்பு இனி நடக்குமா என்பது எனக்குச் சந்தேகமே.

காற்று எப்படி மாறும் என்பதையும் பாருங்கள். 2025 மே மாதம் அமெரிக்காவின் சர்வதேச வர்த்தக நீதிமன்றம் டிரம்பின் இறக்குமதி வரிகளுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. உடனே அவர், நீதிபதிகளைத் தேர்ந்தெடுப்பதில் ஃபெடரலிஸ்ட் சொசைட்டி தனக்குத் தவறான ஆலோசனை கொடுத்துவிட்டது என்று லியோவையும் சேர்த்துக் காய்ச்சி எடுத்தார். மகள் நாற்பது வயதைத் தொடும்போது எந்த அமைப்பின் சொல் எடுபடும் என்று யாரால் சொல்ல முடியும்?

இந்த செமஸ்டரில் முதல் வருட மதிப்பெண், அடுத்து லா ரிவ்யூ (மாணவர்கள் நடத்தும் சட்ட இதழ்), இரண்டு பேராசிரியர்களோடு நல்ல பழக்கம். இது போதும்.

நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்க வேண்டியிருக்கிறது. மகளுக்குக் குடியுரிமை இருக்கிறதா? சம்பளத்தோடு கூடிய ஃபெடரல் கிளார்க்ஷிப்பில் குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கடுமையான கட்டுப்பாடுகள் உண்டு. பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் வளர்ந்த பிள்ளைகள் கடைசி நேரத்தில் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். அடுத்த கடிதத்தில் அதையும், எந்த மாநிலத்தில் இருக்க அவருக்கு விருப்பம் என்பதையும் எழுதுங்கள். மாநில நீதிபதி பதவிகளின் கணக்கே வேறு. உங்கள் நியூஜெர்சியில் ஆளுநர் நியமிக்கிறார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் பென்சில்வேனியாவில் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள்.